கவசக் கப்பல்களைக் கட்டியவர்கள் மூடர்கள் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், பெரிய கவசப் போர்க்கப்பல்களைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் கட்டுரை வந்துசேர்ந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. கனத்த இரும்பை நம்பிக் கட்டினார்கள், அந்தக் கனமே கப்பல்களைக் கீழே இழுத்தது, கட்டியவர்களின் கர்வம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர்.

நான் 31 வருடம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் ரூமில் வேலை பார்த்து, தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்றவன். போர்க்கப்பலில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. ஆனால் தண்ணீர் உள்ளே வரும் வழி எல்லாக் கப்பலுக்கும் ஒன்றுதான். அந்த வழியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். கட்டுரையோடு வந்த பட்டியலில் எம்டனும் யமாட்டோவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஜெர்மனியின் எம்டன் ஏறக்குறைய 3,600 டன் எடையுள்ள இலகு ரகக் குரூசர், அதாவது வேகமான சிறிய போர்க்கப்பல். அதன் பீரங்கிகள் 10.5 செ.மீ. குழாய் அகலம் கொண்டவை. ஜப்பானின் யமாட்டோ 65,000 டன், பீரங்கிகள் 46 செ.மீ. இரண்டையும் ‘போர்க்கப்பல்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம் என்பதால்தான் இந்தக் குழப்பம். தமிழில் கடற்படையின் எந்தக் கப்பலும் போர்க்கப்பல்தான். ஆங்கிலத்தில் பேட்டில்ஷிப் என்று தனியாகச் சொல்வது வேறு. அதைக் கட்டியவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். தன் பீரங்கி எந்தக் குண்டைச் சுடுமோ, அதே குண்டு எதிர்பார்த்த தூரத்திலிருந்து தன் மேல் வந்து விழுந்தால் தன் கவசம் அதைத் தாங்க வேண்டும். எம்டன் அப்படிக் கட்டப்பட்டதே அல்ல. 1914 நவம்பரில் கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற குரூசர் 15 செ.மீ. பீரங்கிகளால் சுட்டபோது அது சின்னாபின்னமாகிக் கரைதட்டி நின்றது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நான் இங்கே பேட்டில்ஷிப்பைக் கவசக் கப்பல் என்றே எழுதுகிறேன். யாராவது இதைவிட நல்ல சொல் தந்தால் ஏற்றுக்கொள்வேன்.

இப்போது கனத்துக்கு வருகிறேன். கப்பல் மிதக்க வேண்டுமானால் அதன் மொத்த எடையும் அது விலக்கும் நீரின் எடையும் சமமாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கப்பல் கட்டுபவனுக்கு இது மாத வருமானம் மாதிரி. கவசத்துக்கு 1,000 டன் கூடுதலாகக் கொடுத்தால், பீரங்கியிலிருந்தோ எஞ்சினிலிருந்தோ எரிபொருளிலிருந்தோ அந்த 1,000 டன்னை எடுத்தாக வேண்டும். எதையும் எடுக்காமல் கப்பலைப் பெரிதாக்கினால், மூட வேண்டிய பரப்பும் பெரிதாகிவிடும். அப்புறம் அதற்கும் கவசம் வேண்டும்.

ஆரம்பத்திலிருந்தே இந்த இழுபறி இருந்தது. பிரான்ஸ் 1859-இல் குளோவார் என்ற மரக்கப்பலுக்கு இரும்புத் தகடு போர்த்தி இறக்கியது. மறு வருடமே பிரிட்டன் முழுக்க இரும்பாலான வாரியர் கப்பலை இறக்கியது. வாரியரின் தகடு 114 மி.மீ. அதற்குப் பின்னால் 46 செ.மீ. தேக்கு. தேக்கு எதற்கு என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். குண்டு மோதும் அதிர்ச்சியை மரம் வாங்கிப் பரப்பிவிடும். மரம் இல்லாவிட்டால் தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெறித்துவிடும். ஆனால் அந்தத் தகடும் தேக்கும் கப்பலின் நடுப்பகுதிக்கு மட்டும்தான். முன்னும் பின்னும் வெறும் இரும்பு. இரண்டு முனையிலும் அவ்வளவு எடையை வைத்தால் அலையில் கப்பல் எழுந்திருக்காது என்று பயந்தார்கள். அது நியாயமான பயம். விளைவு, சுக்கானை இயக்கும் கருவி கவசத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டது. இந்தச் சுக்கானை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

எடை எவ்வளவு என்பதோடு, எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். கேப்டன் என்ற பிரிட்டிஷ் கப்பலின் கதையைக் கட்டுரையாளர் ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார். அது ஒரு வரியில் தாண்டக்கூடிய கதை அல்ல. சுழலும் பீரங்கிக் கூண்டு வேண்டும் என்று பல வருடம் போராடியவர் கௌப்பர் கோல்ஸ். கூண்டு பயங்கர எடை, அதனால் மேல்தளத்தைத் தாழ்வாக வைத்தார். நெடுந்தூரம் போகப் பாய்மரமும் வேண்டும், அதனால் உயரமான பாய்மரங்களும் வைத்தார். நீர்மட்டத்துக்கு மேல் தளம் 2.4 மீட்டர் நிற்கும் என்பது திட்டம். கட்டும்போது எடை ஏறிப்போய், கடைசியில் நின்றது ஏறக்குறைய 2 மீட்டர். கடற்படையின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த எட்வர்ட் ரீட் இது ஆபத்து என்று எதிர்த்தார். 1870 செப்டம்பர் 7-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, ஸ்பெயினின் ஃபினிஸ்டெர் முனைக்கு அப்பால் புயல்காற்றில் கேப்டன் கவிழ்ந்தது. 450 பேருக்கு மேல் இறந்தார்கள், கோல்ஸும் அவர்களில் ஒருவர். அதே இரவில், அதே கடலில், ரீட் வடிவமைத்த மோனார்க் என்ற கப்பலும் இருந்தது. அதிலும் சுழல் கூண்டு உண்டு, பாய்மரம் உண்டு. ஆனால் தளம் உயரம். அது பத்திரமாக இருந்தது. எடைக் கணக்கில் ஓர் அரை மீட்டர் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் எனக்குத் தெரியாது.

கவசம் வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டே போனது என்ற வாக்கியமும் சரியல்ல. உச்சம் 1881-இல் முடிந்த இன்ஃப்ளெக்சிபிள்தான். சில இடங்களில் 61 செ.மீ. இரும்பு, இரண்டு தகடாக, நடுவில் தேக்கு. அதற்கு அப்புறம் தகடு மெலிந்தது. 1890-களில் ஹார்வி முறையும், அதைத் தாண்டி ஜெர்மனியின் க்ரூப் எஃகும் வந்தன. தகட்டின் வெளிமுகத்தில் மட்டும் கார்பனை ஏற்றிக் கண்ணாடி போலக் கெட்டியாக்கி, பின்பக்கத்தை வளைந்துகொடுக்கும்படி விடுவார்கள். முகம் குண்டை உடைக்கும், முதுகு அதிர்ச்சியைத் தாங்கும். 38 செ.மீ. பழைய இரும்பு தந்த பாதுகாப்பை ஏறக்குறைய 15 செ.மீ. க்ரூப் எஃகு தந்தது. மிச்சமான எடை அவ்வளவும் வேகமாகவும் பீரங்கியாகவும் மாறியது. 1906-இல் பிரிட்டன் முடித்த ட்ரெட்நாட்டைப் புகழும் கட்டுரையாளர் அதன் பத்து 30 செ.மீ. பீரங்கிகளை மட்டும் சொல்கிறார். அவ்வளவு பெரிய கவசக் கப்பலில் முதன்முதலாக டர்பைன், அதாவது நீராவியால் சுழலும் சக்கர எஞ்சின், வைத்ததைச் சொல்லவில்லை. பழைய பிஸ்டன் எஞ்சின்களை முழு வேகத்தில் சில மணி நேரம் ஓட்டினாலே எஞ்சின் ரூம் முழுக்க எண்ணெயும் தண்ணீரும் தெறிக்கும், பேரிங் சூடேறும். டர்பைன் 21 நாட் (மணிக்கு ஏறக்குறைய 39 கி.மீ.) வேகத்தில் அமைதியாக ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தக் கப்பலின் பெருமையே அதுதான்.

அடுத்தது 1916 மே 31, பிரிட்டிஷ் கடற்படையும் ஜெர்மன் கடற்படையும் மோதிய ஜட்லாண்ட் சண்டை. இன்டிஃபாட்டிகபிள், குயின் மேரி, இன்வின்சிபிள் என்று மூன்று பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்கள் ஒரே நாளில் வெடித்துச் சிதறின. 3,300 பேர் இறந்தார்கள். தகடு மெலிசாக இருந்ததால் என்று கட்டுரை சொல்கிறது. பாதி உண்மை. இந்தக் கப்பல்களில் வேகத்துக்காகவும் பெரிய பீரங்கிக்காகவும் கவசத்தைக் குறைத்தார்கள். ஜெர்மானியர்கள் பீரங்கியைச் சிறிதாக்கிக் கவசத்தைக் கூட்டினார்கள். குயின் மேரிக்கு 34 செ.மீ. பீரங்கி, 23 செ.மீ. கவசம். எதிரே நின்ற ஸைட்லிட்ஸுக்கு 28 செ.மீ. பீரங்கி, 30 செ.மீ. கவசம். இரண்டுமே தெரிந்து எடுத்த முடிவுகள்.

மறு பாதி உண்மை கதவில் இருக்கிறது. பீரங்கிக் கூண்டுக்கும் அடியிலுள்ள வெடிமருந்து அறைக்கும் நடுவே தீ இறங்காமலிருக்கக் கதவுகள் உண்டு. வேகமாகச் சுட வேண்டும் என்ற அவசரத்தில் பிரிட்டிஷ் கப்பல்களில் அந்தக் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள், பட்டுப் பைகளில் கட்டிய வெடிமருந்தை வெளியே அடுக்கியும் வைத்திருந்தார்கள். கூண்டில் பற்றிய தீ நேரே கீழே இறங்கியது. ஜெர்மானியர்கள் மட்டும் புத்திசாலிகளா என்றால், அவர்களும் சூடு பட்டுத்தான் கற்றார்கள். 1915 ஜனவரியில் டாகர் பேங்க் சண்டையில் இதே ஸைட்லிட்ஸின் பின் கூண்டில் தீப்பிடித்தது. தப்பிக்க நினைத்தவர்கள் பக்கத்துக் கூண்டுக்குப் போகும் கதவைத் திறக்க, தீ அங்கேயும் பாய்ந்து 159 பேர் இறந்தார்கள். கப்பலைக் காப்பாற்றியவர் வில்ஹெல்ம் ஹைட்காம்ப், பம்ப் பொறுப்பாளர். பழுக்கக் காய்ந்த வால்வுச் சக்கரத்தைக் கையால் திருகி வெடிமருந்து அறைக்குள் கடல்நீரை விட்டார். கைகள் வெந்து, நுரையீரலும் கருகியது. அதற்குப் பிறகு ஜெர்மன் கடற்படை வெடிமருந்தைக் கையாளும் முறையை இறுக்கியது. ஜட்லாண்டில் ஸைட்லிட்ஸ் இருபதுக்கும் மேற்பட்ட பெரிய குண்டுகளையும், நீருக்கடியில் பாய்ந்து வரும் டார்பிடோ ஒன்றையும் வாங்கி, 5,000 டன்னுக்கு மேல் தண்ணீரைச் சுமந்துகொண்டு துறைமுகம் திரும்பியது.

கதவைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனது இரண்டாவது கப்பல் அது, நான் நாலாவது எஞ்சினியர். ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் நீண்ட தண்டான ஷாஃப்ட் போகும் சுரங்கத்தில் ஒரு சின்ன வேலை. எஞ்சின் ரூமிலிருந்து அந்தச் சுரங்கத்துக்கு நீர்புகாக் கதவு ஒன்று உண்டு. அதன் வாசலில் ஒரு ரப்பர் குழாயைப் போட்டு, வேலை முடிந்ததும் எடுக்காமல் மேலே போய்விட்டேன். இரவு இரண்டு மணிக்கு, ஷாஃப்ட் கப்பலை விட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் வராமல் அடைத்திருக்கும் பேக்கிங் விட்டுப்போனது. நான் இறங்கி வந்தபோது சுரங்கத்தில் தண்ணீர் முழங்கால் வரை. குழாய் குறுக்கே கிடப்பதால் கதவு மூடவில்லை, எஞ்சின் ரூமுக்குள் ஓடை மாதிரி வந்துகொண்டிருந்தது. இரண்டாவது எஞ்சினியர் ஒரு வார்த்தை பேசாமல் சுவரிலிருந்த தீயணைப்புக் கோடாலியை எடுத்தார். மூன்று வெட்டில் குழாய் துண்டானது, கதவு மூடியது. அதற்கப்புறம் பம்ப் போட்டு இறைத்து, பேக்கிங்கை மாற்றி, காலை எட்டு மணிக்கு மறுபடி கிளம்பினோம். அந்தக் கப்பலில் 28 பேர் இருந்தோம். குழாயைப் போட்டவன் நான் என்பதை அன்றே சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அந்தக் கோடாலிச் சத்தம் என் காதில் இருக்கிறது.

அதனால்தான் பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பல் பற்றிக் கட்டுரையாளர் எழுதிய பத்தி என்னை வருத்தியது. 1941 டிசம்பர் 10, மலாயாவில் குவந்தானுக்குக் கிழக்கே, ஜப்பானிய விமானங்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸையும் ரிபல்ஸையும் மூழ்கடித்தன. இரண்டிலுமாக 840 பேர் போனார்கள். புத்தம்புதுக் கப்பல், சில இடங்களில் 37 செ.மீ. கவசம், இருந்தும் கவசம் உதவவில்லை என்கிறார் அவர். ஆனால் அந்தக் கவசத்தைத் துளைத்து யாரும் அந்தக் கப்பலைக் கொல்லவில்லையே. முதல் டார்பிடோ பின்பக்கம், இடது வெளி ஷாஃப்ட் வெளியேறும் இடத்தருகே வெடித்தது. ஷாஃப்ட்டைத் தாங்கிய பிடி போய்விட்டது. பிடியில்லாமல் ஷாஃப்ட் சுழன்றபோது, அது கடந்துபோகும் பல்க்ஹெட்டுகளின் (கப்பலை அறைகளாகப் பிரிக்கும் குறுக்குச் சுவர்கள்) அடைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிழித்தது. தண்ணீர் அந்த வழியாகவே எஞ்சின் ரூமுக்கு நடந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் 2,000 டன்னுக்கு மேல். பின்பாதியில் மின்சாரம் போனது. மின்சாரம் போனால் பம்ப் இல்லை, விமான எதிர்ப்புப் பீரங்கி திரும்பாது, கீழே காற்று கிடையாது. பிறகு வலது பக்கத்தில் மேலும் டார்பிடோக்கள் பட்டன, ஒரு குண்டும் விழுந்தது. ஆனால் கதை முடிந்தது அந்த ஷாஃப்ட்டில்தான்.

ஓடும் கப்பலுக்கு ஷாஃப்ட் வெளியே போக ஓட்டை வேண்டும். சுக்கான் தண்ணீரில் தொங்க வேண்டும். இவற்றுக்கு எவ்வளவு தடிமனான தகடு போட்டாலும் கவசம் ஆகாது. அதே 1941-இல் மே மாதம் ஜெர்மனியின் பிஸ்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் 32 செ.மீ. பட்டைக் கவசம். துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம் ஒன்று போட்ட டார்பிடோ பின்முனையில் பட்டுச் சுக்கான் திரும்பிய நிலையிலேயே இறுகிப்போனது. மறுநாள் காலை பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து சூழ்ந்துகொண்டன. வாரியரில் கவசத்துக்கு வெளியே நின்ற அதே சுக்கான்தான். எண்பது வருடத்தில் யாராலும் அதற்கு முழு வழி கண்டுபிடிக்க முடியவில்லை.

இதை வடிவமைப்பாளர்கள் அறியாமல் இல்லை. அமெரிக்கர்கள் 1916-இல் சேவைக்கு வந்த நெவாடாவில் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார்கள். மிதக்கவும் நகரவும் சுடவும் அவசியமானதற்கு முழுக் கவசம், மற்றதற்கு ஒன்றுமே இல்லை. அரைகுறைத் தகடு குண்டை நிறுத்தாது, வெடிக்க மட்டும் வைக்கும் என்பது அவர்கள் வாதம். 1922-இல் கடற்படைகளைக் கட்டுப்படுத்த எழுதிய வாஷிங்டன் ஒப்பந்தம் ஒரு கப்பலுக்கு 35,000 டன் என்று எல்லை போட்டபோது இந்த வழிதான் கைகொடுத்தது. அந்த 35,000 டன்னில் எரிபொருளும் பாய்லருக்கான சேமிப்பு நீரும் சேராது. என் மாதிரி எஞ்சின் ரூம் ஆட்களுக்கு இது பெரிய விஷயம். ஒப்பந்தம் எழுதியவர்கள் எடையை எப்படிக் கணக்கிடுவது என்பதையே வாக்கியம் வாக்கியமாகப் பேரம் பேசியிருக்கிறார்கள். பிரிட்டனின் நெல்சனும் ராட்னியும் மூன்று பீரங்கிக் கூண்டுகளையும் முன்பக்கமே வைத்துக்கொண்டு விநோதமாக நிற்பதற்குக் காரணம் இதுதான். கூண்டுகளை நெருக்கி வைத்தால் கவசம் மூட வேண்டிய நீளம் குறையும். கிடைத்த எடைக்குள் 40 செ.மீ. பீரங்கியும் 35 செ.மீ. கவசமும் அடங்கின. வேகம் 23 நாட்டோடு நின்றது. கட்டுரையில் அந்தப் படத்துக்குக் கீழே ‘அவலட்சணம்’ என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு அது கணக்கு நேரான கப்பல்.

யமாட்டோவுக்கு வருகிறேன். 41 செ.மீ. பட்டைக் கவசம். 1943 டிசம்பர் 25-இல் அமெரிக்க நீர்மூழ்கி ஸ்கேட் விட்ட டார்பிடோ அதன் பலவீனத்தைக் காட்டிக்கொடுத்தது. மேல் கவசமும் கீழ்க் கவசமும் சேரும் இணைப்பு விட்டுப்போய், தகடு உள்ளே தள்ளப்பட்டு, பின்னால் தாங்கிய உத்தரம் பல்க்ஹெட்டைக் குத்தியது. ஏறக்குறைய 3,000 டன் தண்ணீர். அதாவது தகடு உறுதியாகவே இருந்தது, மூட்டுதான் விட்டது. 1945 ஏப்ரல் 7-இல் அமெரிக்க விமானங்கள் பெரும்பாலும் இடது பக்கத்தையே குறிவைத்து டார்பிடோ போட்டன. முந்தைய அக்டோபரில் யமாட்டோவின் இணைக் கப்பலான முசாஷியை இரண்டு பக்கமும் அடித்தபோது அது சமநிலையாகத் தண்ணீர் வாங்கி நெடுநேரம் மிதந்ததைப் பார்த்துக் கற்ற பாடம் அது. சாய்வை நேராக்க யமாட்டோவின் வலதுபக்க எஞ்சின் ரூமிலும் பாய்லர் ரூமிலும் கடல்நீரை விட்டார்கள். அங்கே பணியில் இருந்தவர்கள் மேலே ஏறி வர நேரம் கிடைக்கவில்லை. கப்பலோடு இறந்த ஏறக்குறைய 3,000 பேரில் அவர்களும் அடக்கம். கட்டுரையில் பீரங்கியின் எடை இருக்கிறது, குண்டின் எடை இருக்கிறது, இவர்கள் இல்லை.

விமானம் வந்தபின் கவசக் கப்பலின் காலம் முடிந்தது என்பதை நான் மறுக்கவில்லை. நாற்பது கிலோமீட்டர் சுடும் பீரங்கியைவிட நானூறு கிலோமீட்டர் பறக்கும் விமானம் பெரிதுதான். ஆனால் கட்டுரை சொல்வதுபோல 1945-லேயே எல்லாம் முடியவில்லை. அமெரிக்காவின் மிசூரியும் விஸ்கான்சினும் 1991 வளைகுடாப் போரில் சுட்டன. மிசூரி 1992 மார்ச்சில்தான் ஓய்வு பெற்றது. பனாமா கால்வாய் மதகுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காக 33 மீட்டர் அகலத்துக்குள் அடக்கப்பட்ட கப்பல் அது. 33 நாட் வேகத்துக்காக 270 மீட்டர் நீளம் கொடுத்தார்கள். அங்கேயும் அதே கணக்குதான்.

அடுத்த வாரம் ஹூட் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். 1,418 பேரில் 3 பேர் மட்டுமே பிழைத்த கப்பல். இரண்டு வேண்டுகோள். எம்டன் பற்றிய பிழையைத் திருத்தி ஒரு வரி போடுங்கள். ஹூட் கட்டுரைக்குப் பீரங்கிகளை முன்னால் நின்று எடுத்த படத்துக்குப் பதிலாக, கப்பலின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை வெளியிடுங்கள். கவசம் எங்கே நிற்கிறது, வெடிமருந்து எங்கே இருக்கிறது, அடியில் வேலை செய்தவர்கள் எந்த ஏணி வழியாக ஏற வேண்டியிருந்தது என்பதை வாசகர்கள் தாங்களே பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஒருவர்,
வணிகக் கப்பல் பணி